வலுவிழந்து வரும் ஹரிக்கேனை எதிர்கொள்வது எப்படி: கரோலினா கடற்கரைப் பகுதியில் வாழ்வோருக்கு ஒரு வழிகாட்டி

அட்லாண்டிக்கில் உருவான ஹரிக்கேன் எனப்படும் பெரும்புயல் கரையை நெருங்கும்போது வலுவிழந்து வருகிறது என்று செய்தி வந்ததும், கட்டிவைத்த பெட்டியைப் பிரித்துவிடுகிறவர்கள் பலர். நான்காம் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கும், பிறகு முதல் வகைக்கும் இறங்கிவிட்டது என்று தொலைக்காட்சியில் சொல்லும்போது ஆபத்தும் அதே அளவுக்கு இறங்கிவிட்டதாக மனம் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு எவ்வளவு தவறானது என்பதற்கு 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தைத் தாக்கிய ஃப்ளோரன்ஸ் புயலே போதுமான சான்று.

செப்டம்பர் 11 அன்று ஃப்ளோரன்ஸின் காற்று மணிக்கு 150 மைல் வேகத்தில் சுழன்றது. 14ஆம் தேதி காலை ஏழேகால் மணியளவில் வில்மிங்டனுக்கு அருகிலுள்ள ரைட்ஸ்வில் பீச்சில் அது கரையைக் கடந்தபோது வேகம் 90 மைலாகக் குறைந்து, வகைப்பாட்டின் கடைசிப் படிக்கு வந்திருந்தது. அப்படி ‘வலுவிழந்த’ புயல்தான் எலிசபெத்டவுனில் 35.93 அங்குலம், அதாவது சுமார் 91 செ.மீ. மழையைக் கொட்டியது, நியூஸ் ஆற்றின் கீழ்ப்பகுதிக் கரைகளில் தரைமட்டத்துக்கு மேல் 8 முதல் 11 அடி வரை நீரை ஏற்றியது, நேரடியாக 22 பேரின் உயிரையும் மறைமுகமாக மேலும் சுமார் 30 பேரின் உயிரையும் வாங்கியது, ஏறத்தாழ 2,400 கோடி டாலர் சேதத்தை விட்டுச்சென்றது.

இம்மாநிலத்தின் ராலே, கேரி, மாரிஸ்வில், சார்லட் பகுதிகளில் இன்று தமிழ்க் குடும்பங்கள் நிறையவே வசிக்கின்றன. விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போவதும், வில்மிங்டன் போன்ற ஊர்களில் வேலைக்காகக் குடியேறுவதும் இயல்பாகிவிட்டன. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோருக்குப் புயல் புதிதல்ல என்றாலும், ‘புயல் கரையைக் கடந்துவிட்டது’ என்ற சொற்களைக் கேட்டதும் நிம்மதியாக மூச்சுவிடும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. ஃப்ளோரன்ஸைப் பொறுத்தவரை பெருந்துன்பத்தின் பெரும்பகுதி கரையைக் கடந்த பிறகே தொடங்கியது. அவர்களுக்கும் புரியும்படி வீட்டில் இதை எடுத்துச் சொல்வதுகூட ஆயத்தத்தின் ஒரு பகுதிதான்.

வகை எண் எதைச் சொல்கிறது

ஹரிக்கேன்களை வகைப்படுத்தும் சாஃபிர்–சிம்ப்சன் அளவுகோலில் ஐந்து வகைகள் உள்ளன. மணிக்கு 74 முதல் 95 மைல் வரை வீசினால் முதல் வகை. 130 மைலை எட்டினால் நான்காம் வகை. புயலின் எந்த இடத்தில் காற்று மிக வேகமாக வீசுகிறதோ அந்த இடத்தில், தொடர்ந்து ஒரு நிமிடத்துக்கு நிலைக்கும் சராசரி வேகத்தை மட்டுமே இந்த எண் குறிக்கிறது. மழையைப் பற்றியோ கடல்நீர் ஏற்றத்தைப் பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை. முன்பு ஒவ்வொரு வகையோடும் இத்தனை அடி நீர் ஏறும் என்ற குறிப்பும் சேர்த்துத் தரப்பட்டது. அது மக்களைத் தவறான முடிவுகளுக்கு இட்டுச்சென்றதால் 2010இல் தேசிய ஹரிக்கேன் மையம் அதை அளவுகோலிலிருந்து நீக்கிவிட்டது.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடிக் குறைவதால், 150 மைலிலிருந்து 90 மைலுக்கு இறங்கிய காற்று சுவரையும் கூரையையும் தள்ளும் விசை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் மையம் குலையும்போது காற்று வீசும் பரப்பு பல வேளைகளில் விரிந்துவிடுகிறது. உலர்ந்த காற்று உள்ளே புகுவதாலும், புயலின் நடுவே அமைதியாக இருக்கும் ‘கண்’ பகுதியைச் சுற்றியுள்ள மேகச்சுவர் கலைந்து அதற்கு வெளியே புதிய சுவர் உருவாவதாலும் உச்ச வேகம் குறைகிறது, சுழற்சியோ அகன்றுபோகிறது. செப்டம்பர் 13 அன்று ஃப்ளோரன்ஸின் மையத்திலிருந்து 80 மைல் தொலைவு வரை ஹரிக்கேன் வேகக் காற்றும், 195 மைல் தொலைவு வரை மணிக்கு 39 மைலுக்கு மேற்பட்ட புயற்காற்றும் வீசின. இவ்வளவு பரந்த பரப்பில் பல நாட்களாக உந்தப்பட்ட கடல்நீர், காற்று தணிந்த அதே மணியில் தானும் தணிந்துவிடாது.

நியூ பெர்ன் நகரில் நடந்ததை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். நியூஸ் ஆறும் டிரென்ட் ஆறும் கூடுமிடத்தில், திறந்த கடலிலிருந்து உள்ளொதுங்கி இருக்கும் பழமையான ஊர் அது. புயலின் மையம் கரையேறிய இடமோ அங்கிருந்து வெகு தொலைவு தென்மேற்கே இருந்தது. ஆனால் மையத்துக்கு வடக்கே கிழக்கிலிருந்து இடைவிடாது வீசிய காற்று பாம்லிகோ சவுண்ட் என்னும் பரந்த கடற்கழியின் நீரை மேற்கே தள்ளியது. புனலைப் போல அகன்ற வாயும் குறுகிய உட்பகுதியும் கொண்ட நியூஸ் ஆற்றுக்குள் நுழைந்த அந்த நீர், போக வழியின்றி உயர்ந்துகொண்டே போயிற்று. 13ஆம் தேதி இரவிலேயே, அதாவது புயல் கரையைக் கடப்பதற்குப் பல மணி நேரம் முன்பே, நகரில் நூற்றுக்கணக்கானோர் படகுகள் மூலம் மீட்கப்பட வேண்டியிருந்தது. நீர் வடிந்தபோது ஈஸ்ட் ஃபிரண்ட் தெருவில் ஒரு வீட்டு முற்றத்தில் நாற்பது அடி நீளமுள்ள உல்லாசப் படகொன்று சாய்ந்து கிடந்தது. படகுத்துறையிலிருந்து அதைத் தூக்கிவந்து அங்கே கிடத்தியது முதல் வகைக்கு இறங்கிக்கொண்டிருந்த ஒரு புயல்.

அறிக்கையை எப்படி வாசிப்பது

மயாமியிலுள்ள தேசிய ஹரிக்கேன் மையம் கோடைகால நேரப்படி காலையும் மாலையும் 5 மணிக்கும் 11 மணிக்கும் முழு அறிக்கை வெளியிடுகிறது. கரைக்கு எச்சரிக்கை விடுத்த பிறகு இடையிலும் அறிக்கை வரும். வகை எண்ணைத் தாண்டிப் பார்க்க வேண்டியவற்றில் முதலாவதாக நான் கருதுவது புயல் நகரும் வேகம். மணிக்கு 15 மைல் வேகத்தில் நகரும் புயல் அரை நாளில் ஒரு ஊரைக் கடந்துவிடும். ஃப்ளோரன்ஸ் கரையேறிய பின் மணிக்கு 2, 3 மைல் வேகத்தில், ஒரு மனிதன் நடக்கும் வேகத்தில்தான் நகர்ந்தது. வடக்கே இருந்த உயர் அழுத்தம் அதன் வழியை அடைத்திருந்தது. இதனால் கடலிலிருந்து ஈரத்தை இழுத்து வந்த மழைப் பட்டைகள் ஒரே ஊர்களின் மேல் மீண்டும் மீண்டும் கடந்தன. ஆகவே அறிக்கையில் ‘வலுவிழக்கிறது’ என்பதோடு ‘வேகம் குறைகிறது’ என்பதும் சேர்ந்து வந்தால், அதை ஆறுதலாக அல்ல, எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சலை நினைவூட்டும். புதுச்சேரி அருகே கரையைக் கடந்து அங்கேயே பல மணி நேரம் நகராமல் நின்ற அந்தப் புயல், வலுவிழந்து உள்ளே சென்ற பிறகுதான் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழையைப் பெய்தது.

அடுத்து, புயல் எழுச்சி வரைபடம். புயற்காற்று கடலைக் கரைமேல் தள்ளுவதால் தரைமட்டத்துக்கு மேல் எத்தனை அடி நீர் நிற்கக்கூடும் என்பதை அது தெருவளவுக்கு நெருக்கமாகக் காட்டும். 2017 முதல் புயல் எழுச்சிக்கெனத் தனி எச்சரிக்கையும் விடுக்கப்படுகிறது. உங்கள் பகுதி அதற்குள் வந்தால் வகை எண் என்னவாக இருந்தாலும் அதுவே உங்களுக்கான செய்தி. மூன்றாவதாக, பலத்த காற்று வந்துசேரக்கூடிய மிக முந்தைய நேரத்தைக் காட்டும் படம். பலகை அடிப்பது, வண்டியை நகர்த்துவது, ஊரைவிட்டுப் புறப்படுவது அனைத்தும் அந்த நேரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் பழக்கமான கூம்பு வடிவப் படமோ மையம் போகக்கூடிய பாதையை மட்டுமே காட்டுகிறது. மூன்றில் ஒரு பங்கு வேளைகளில் மையமே அதற்கு வெளியே போய்விடுவதுண்டு. கூம்புக்கு வெளியே வீடு இருப்பதால் பாதுகாப்பு என்று நினைப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

உள்நாட்டில் இருப்பவர்கள் மழை முன்னறிவிப்பையும் ஆற்று நீர்மட்ட முன்னறிவிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தேசிய வானிலைச் சேவையின் நீர்மட்டத் தளத்தில் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அளவீட்டு நிலையத்தைத் தேடி, வெள்ளம் தொடங்கும் மட்டம் எது, பெருவெள்ளத்துக்கான மட்டம் எது என்பதை வெயில் காயும் நாளிலேயே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

போவதா, இருப்பதா

இந்த முடிவைப் புயலின் வகையை வைத்து எடுக்கக் கூடாது. வீடு நிற்கும் இடத்தை வைத்தே எடுக்க வேண்டும். வட கரோலினாவின் கடலோரக் கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற பிரிவுகளில்) 2020 முதல் வெளியேற்ற மண்டலங்கள் ஏ, பி, சி என்று எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. உங்கள் முகவரி எந்த எழுத்தில் வருகிறது என்பதை முன்கூட்டியே பார்த்துவைக்கலாம். வெள்ளக் காப்பீட்டுக்காகக் கூட்டாட்சிப் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமா வெளியிடும் வெள்ள வரைபடம் வேறு, இந்த மண்டலம் வேறு. ‘எங்கள் வீடு வெள்ள மண்டலத்தில் இல்லை’ என்று வீட்டுத் தரகர் சொன்னதை நம்பி வெளியேற்ற உத்தரவை அலட்சியம் செய்தால் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

உங்கள் எழுத்து அறிவிக்கப்பட்டால் அன்றே புறப்படுங்கள். மொபைல் ஹோம் எனப்படும், இடம்பெயர்க்கக்கூடிய இலகுவான வீடுகளில் வசிப்பவர்களும், கரையை ஒட்டி நீளும் மணல்திட்டுகளான தடுப்புத் தீவுகளில் இருப்பவர்களும், ஆக்சிஜன் கருவி போன்ற மின்சாரத்தை நம்பியிருக்கும் நோயாளிகள் உள்ள வீட்டினரும் உத்தரவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கடல்நீர் எட்டாத, உறுதியான வீடாக இருந்து உத்தரவும் இல்லாவிட்டால் இருந்துகொள்ளலாம். ஆனால் பல நாட்கள் சாலை அறுந்து, மின்சாரமின்றி இருக்க முடியுமா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஃப்ளோரன்ஸின்போது செப்டம்பர் 16 அன்று வில்மிங்டனுக்குள் போகும் சாலைகள் எல்லாமே நீரால் துண்டிக்கப்பட்டிருந்தன.

எங்கே போவது என்பதிலும் கவனம் வேண்டும். கடலைவிட்டு விலகினால் போதும் என்று அருகிலுள்ள உள்நாட்டு ஊருக்குப் போய்த் தங்குவது மெதுவாக நகரும் புயலில் போதாது. ஃபேயட்வில்லும் லம்பர்டனும் கடலிலிருந்து வெகுதூரம் தள்ளியுள்ள ஊர்கள்தாம்; கேப் ஃபியர் ஆறும் லம்பர் ஆறும் அங்கேயே கரைபுரண்டன. தங்கப்போகும் விடுதி ஆற்றுப் படுகையில் இல்லை என்பதையும், அங்கே போகும் வழியும் திரும்பி வரும் வழியும் தாழ்வான பாலங்களைத் தவிர்க்கின்றன என்பதையும் வரைபடத்தில் பாருங்கள். பெற்றோர் உடன் இருந்தால் அவர்களுடைய பாஸ்போர்ட், பயணக் காப்பீட்டுத் தாள்கள், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகள், மருந்துச் சீட்டின் படம் ஆகியவை முதல் பையில் இருக்க வேண்டும். அந்த மாத்திரைகளை இங்குள்ள மருந்தகத்தில் உடனே வாங்கிவிட முடியாது.

வீட்டை ஆயத்தம் செய்வது

தங்குவதானாலும் போவதானாலும் சில வேலைகள் பொதுவானவை. பலத்த காற்றில் முதலில் பிளந்துகொள்வது பெரும்பாலும் கராஜ் கதவு. அது உள்ளே வளைந்ததும் காற்று புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கிவிடும். ஆகவே அதற்கான முட்டுக்கொடுப்பைக் கோடையிலேயே செய்துவைப்பது நல்லது. ஜன்னலில் டேப் ஒட்டுவதால் பயனில்லை. ஷட்டரோ தடித்த பிளைவுட் பலகையோதான் காக்கும். முற்றத்திலுள்ள நாற்காலி, பூந்தொட்டி, குப்பைத் தொட்டி அனைத்தையும் உள்ளே எடுத்துவிடுங்கள். வீட்டின் மேல் சாயக்கூடிய பட்ட மரங்களைப் பருவம் தொடங்கும் முன்பே வெட்டிவிடுங்கள். ஊறிய மண்ணில் வேர் பிடிமானம் இழந்துவிடுவதால் மிதமான காற்றுகூட மரத்தைச் சாய்த்துவிடும். ஃப்ளோரன்ஸ் கரையேறிய அன்று வில்மிங்டனில் ஒரு தாயும் கைக்குழந்தையும் வீட்டின் மேல் மரம் விழுந்தே இறந்தார்கள்.

ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) குடிநீர் என்று கணக்கிட்டு, குறைந்தது மூன்று நாளைக்கும் இயன்றால் இரு வாரத்துக்கும் சேமியுங்கள். நம் வீடுகளில் அரிசியும் பருப்பும் மூட்டையாக இருக்கும். மின்சார அடுப்பு ஓடாதபோது அவற்றால் பயனில்லை. அவல், பொரி, ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய், பழங்கள் போன்ற அடுப்பு வேண்டாதவற்றை வாங்கிவையுங்கள். காரை நிறுத்தும் இடத்தைப் பற்றிப் பலரும் நினைப்பதே இல்லை: அபார்ட்மென்ட் வளாகத்தின் தாழ்ந்த மூலையிலிருந்து பல அடுக்கு நிறுத்துமிடத்தின் மேல் தளத்துக்கு அதை மாற்றினால் ஒரு காரே மிஞ்சும். வீட்டின் ஒவ்வொரு அறையையும் அலமாரிகளைத் திறந்தபடி அலைபேசியில் படம்பிடித்து இணையச் சேமிப்பில் ஏற்றிவிடுங்கள்.

காற்று வீசும் நேரத்தில் ஜன்னல் இல்லாத உள்ளறையில் இருங்கள். நீர் வீட்டுக்குள் வரும் என்று தெரிந்தால், தரை நனைவதற்கு முன் பிரதான பிரேக்கரை அணைத்துவிடுங்கள்; ஈரத்தில் நின்றுகொண்டு அதைத் தொடக் கூடாது. நீர் உயர்ந்தால் மேல்தளத்துக்குப் போகலாம், ஆனால் வெளியேற வழியில்லாத பரணுக்குள் போய் அடைபட்டுவிடக் கூடாது. காற்று திடீரென நின்றால் அது கண் பகுதியாக இருக்கலாம். மறுபுறக் காற்று எதிர்த்திசையிலிருந்து வரும்.

மழை விட்ட பிறகு

வானம் வெளுத்த பின்பும் ஆறுகள் உயர்ந்துகொண்டே இருக்கும். பெய்த மழை சிற்றோடைகள் வழியாகப் பேராற்றில் சேர்ந்து, சமதளமான கரோலினா கடலோரச் சமவெளியில் மெல்ல ஊர்ந்து கடலை அடையப் பல நாட்கள் ஆகின்றன. வெள்ள மட்டம் 35 அடியாக உள்ள ஃபேயட்வில்லில் கேப் ஃபியர் ஆறு செப்டம்பர் 19 வாக்கில் 61 அடியைத் தாண்டியது. தென் கரோலினாவின் கான்வே நகரில் வாக்கமா ஆறு உச்சத்தை எட்டியது செப்டம்பர் 26 அன்று. புயல் கரையைக் கடந்து பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன. வெயிலடிக்கிறதே என்று மூன்றாம் நாளில் திரும்பி வந்தவர்கள் மீண்டும் வெளியேற வேண்டியிருந்தது. உங்கள் ஆற்றின் உச்சம் கடந்து, மட்டம் இறங்கத் தொடங்கியதை உறுதிசெய்த பிறகே திரும்புங்கள்.

அமெரிக்காவில் 1963 முதல் 2012 வரை அட்லாண்டிக் புயல்களால் நேரடியாக இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேரைக் கொன்றது நீர்தான் என்பது ஹரிக்கேன் மையத்தின் ஆய்வு முடிவு. ஃப்ளோரன்ஸிலும் நேரடி மரணங்களில் பெரும்பாலானவை மழை வெள்ளத்தால் நேர்ந்தவை. அவற்றுள் பல காரோட்டிச் சென்றவர்களுடையவை. ஓடும் நீர் ஆறு அங்குல ஆழம் இருந்தாலே ஒரு ஆளைச் சாய்க்கும். ஓரடி நீர் சிறிய காரை இழுத்துச் செல்லும். இரண்டடி நீர் பெரும்பாலான வண்டிகளை மிதக்கவிடும். நீருக்கடியில் தார் இருக்கிறதா, அரித்துப்போய்க் குழி இருக்கிறதா என்பது ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரியாது. ஐ-40 நெடுஞ்சாலையில் பெண்டர் கவுண்டிப் பகுதி ஆறாகவே ஓடி, வடிந்த பிறகு சாலையெங்கும் செத்த மீன்கள் கிடக்க, தீயணைப்பு வீரர்கள் அவற்றைக் குழாய் நீரால் பீய்ச்சி அகற்றினார்கள். மாநிலத்தின் பிரதான நெடுஞ்சாலைக்கே அந்த நிலை என்றால், ஊருக்குள் இருக்கும் சிறு பாலத்தை நம்பக் கூடாது. தடுப்புக் கட்டை வைத்திருந்தால் திரும்பிவிடுங்கள், ஜி.பி.எஸ். வேறு வழி காட்டினாலும் போகாதீர்கள்.

ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கராஜிலோ, கதவு திறந்திருந்தாலும்கூட, ஓட்டக் கூடாது. சுவரிலிருந்து குறைந்தது இருபதடி தள்ளி, புகை ஜன்னல் பக்கம் வராதபடி வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, உறக்கத்திலேயே கொல்லும். திறக்காமல் வைத்த ஃபிரிட்ஜில் உணவு நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃபிரீசரில் இரண்டு நாட்கள் வரை.

வெள்ளநீரில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். கிழக்கு வட கரோலினாவில் பன்றிப் பண்ணைகள் மிகுதி. ஃப்ளோரன்ஸின்போது அவற்றின் கழிவுக் குட்டைகள் பல நிரம்பி வழிந்தன. நனைந்த ஜிப்சம் சுவரிலும் கம்பளத்திலும் ஓரிரு நாட்களிலேயே பூஞ்சை பிடித்துவிடும். எல்லாவற்றையும் படமெடுத்த பின், காப்பீட்டு ஆய்வாளர் வரும்வரை காத்திராமல் அவற்றை அகற்றத் தொடங்குங்கள். கம்பளத்திலும் துணியிலும் சிறு துண்டு வெட்டி மாதிரியாக வைத்துக்கொண்டால் போதும்.

காப்பீடும் உதவியும்

சாதாரண வீட்டுக் காப்பீடும் வாடகைதாரர் காப்பீடும் வெள்ளச் சேதத்துக்குப் பணம் தருவதில்லை. காற்று கூரையைப் பிய்த்து உள்ளே பெய்த மழை ஒரு கணக்கு. தரைவழியே ஏறிய நீர் வேறு கணக்கு. தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் வாடகைக்கு இருப்பவர்களும் தங்கள் பொருட்களுக்கு மட்டும் காப்பீடு எடுக்கலாம். பொதுவாகப் பாலிசி எடுத்து 30 நாட்கள் கழித்தே அது நடைமுறைக்கு வரும் என்பதால், ஜூன் 1 அன்று தொடங்கும் பருவத்துக்கு ஏப்ரலிலேயே வாங்கிவிட வேண்டும். காரைப் பொறுத்தவரை விரிவான காப்பீடு இருந்தால் வெள்ளச் சேதமும் அதில் அடங்கும். விபத்துப் பொறுப்புக்கு மட்டும் எடுத்திருந்தால் அடங்காது.

எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவர்கள் தமக்கு எந்த உதவியும் கிடைக்காது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். முகாம், உணவு, அவசர மருத்துவம் போன்ற பணமல்லாத உடனடி உதவிகளுக்குக் குடியேற்ற நிலை தடையாக இருப்பதில்லை. ஃபீமாவின் பண உதவி குடிமக்களுக்கும் கிரீன் கார்டு (நிரந்தர வதிவுரிமை) வைத்திருப்போர் முதலிய சில பிரிவினருக்கும் உரியது என்றாலும், அமெரிக்காவில் பிறந்த குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால் அந்தக் குழந்தையின் பெயரில் பெற்றோர் விண்ணப்பிக்க முடியும். அதற்குக் குழந்தையின் சமூகப் பாதுகாப்பு எண் தேவை. பாஸ்போர்ட்டுகள் இருக்கும் அதே நீர்புகாத உறையில் அந்த அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.